மறு: ஃப்ரீ பவுண்டரிக்கு 'கட்டற்ற எல்லை'ன்னு போடலாமா

எல்லாருக்கும் வணக்கங்க, நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு ஃப்ரீ பவுண்டரிங்கறதுக்கு (தண்ணியோட மேல்பரப்பு மாதிரி, எங்க இருக்குன்னு முன்கூட்டியே தெரியாம கணக்கு போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டிய எல்லை) தமிழ்ச்சொல் தேடறோம்ல, அதைப் பத்தித்தான்.

> தண்ணியோட மேல்பரப்பை எதுவும் பிடிச்சு வைக்கல, அதனால கட்டற்ற எல்லைன்னே போட்டுடலாம்

அண்ணா, இங்கதான் எனக்கு இடிக்குது. கணக்கா எழுதிப் பாத்தா அந்த எல்லைக்குத்தான் கட்டு ஜாஸ்தி. பாகுநிலை (உள்ளுக்குள்ள உராய்வு) இல்லாத பாய்மம்னு வெச்சுக்கங்க, அசையாத சுவர்ல ஒரே நிபந்தனை, தண்ணி சுவருக்குள்ள புகக்கூடாது, அவ்ளோதான். மேல்பரப்புல ரெண்டு. பரப்புல இருக்குற துகள் பரப்புலயே இருக்கணும், அப்புறம் அங்க அழுத்தம் காத்தழுத்தத்துக்கு சமமா இருக்கணும் (பரப்பு இழுவிசையை சேத்தா வளைவுக்குத் தக்க வித்தியாசம் வரும்). ஏன் ரெண்டுன்னா எல்லை எங்க இருக்குன்னே நமக்குத் தெரியாது, திசைவேகத்தோட சேத்து அதையும் கண்டுபிடிக்கணும், தெரியாதது ஒண்ணு கூடுனா நிபந்தனையும் ஒண்ணு கூடித்தானே ஆகணும். இதுக்குப் போய் கட்டற்றன்னு பேர் வெச்சா பசங்க நிபந்தனையே இல்லைன்னு எழுதிட்டு வருவாங்க, நான் தான் பேப்பர் திருத்தணும்.

> அப்ப நகர்ற எல்லைங்கற அர்த்தத்துல 'நகர் எல்லை'?

அதுவும் வேணாங்க. பிஸ்டன் நகருது, ஆனா எப்ப எங்க இருக்கும்னு முன்னாடியே தெரியும், அது ஃப்ரீ பவுண்டரி இல்ல. இந்தப் பக்கம் நம்ம மேட்டூர் 16 கண் மதகுல ஷட்டரை கொஞ்சமா தூக்கும்போது பாருங்க, அடியில பீச்சிட்டு வர்ற தண்ணியோட மேல்விளிம்பு ஷட்டரை ஒட்டின இடத்துல கண்ணாடி மாதிரி நிக்கும், நகரவே நகராது. இருந்தும் அந்த வளைவு என்னன்னு கணக்குதான் சொல்லணும். 1868ல ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், அடுத்த வருஷமே இன்னொரு ஜெர்மன்காரர் கிர்க்காஃப், இந்த ஜாதி கணக்கைத்தான் போட்டாங்க. புவியீர்ப்பை விட்டுட்டா விளிம்பு பூரா அழுத்தம் ஒண்ணு, அதனால அழுத்தத்தையும் வேகத்தையும் இணைக்கிற பெர்னூலி விதிப்படி வேகமும் ஒண்ணு, அதை வெச்சு பெரிய சுவர்ல இருக்குற நீளமான சந்து வழியா வர்ற தண்ணி சந்தோட அகலத்துல சுமார் 0.611 பங்குக்கு ஒடுங்கும்னு விடை வருது. அந்த எண் π வகுத்தல் (π கூட்டல் 2), எனக்கு ரொம்பப் பிடிச்ச விடை.

எல்லாம் இவ்ளோ சுளுவா வராது. வடிவம் மாறாம நகர்ற தண்ணி அலைகள்லயே ரொம்ப உசரமானதோட உச்சி 120 டிகிரி கோணமா இருக்கும்னு கணித அறிஞர் ஸ்டோக்ஸ் 1880ல சொன்னதுக்கு நிரூபணம் 1982லதான் வந்துச்சு.

அதனால என் ஓட்டு 'தேடெல்லை'. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, தேடின, தேடுற, தேடப்போற எல்லை. பரப்புக்கு தேடுபரப்பு.

---

தம்பி, கட்டற்ற வேணாம்னு ஒத்துக்கறேன், வாபஸ். ஆனா தேடெல்லையிலயும் ஒரு சிக்கல் இருக்கே. இரும்புத் துண்டுக்குள்ள விரிசல் எங்கன்னு வெளியில அளந்து கண்டுபிடிக்கிறதும் எல்லை தேடுறதுதான், அது தலைகீழ் கணக்கு, வேற கிளை. அங்க தேடுறது நாம, இங்க தண்ணியே தன் எல்லையை அமைச்சுக்குது. அதான் 'தானமை எல்லை'ன்னா என்ன?

---

அண்ணா, அர்த்தம் கச்சிதம், ஆனா தானம், அமைன்னு பிரிச்சுப் படிப்பாங்களே. 'தன்னமை எல்லை'ன்னா தேவலாம். விரிசல் கணக்குக்கு தேடெல்லையை எடுத்து வெச்சுக்கலாம், வீணாப் போகாது. வேற யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னா பட்டியல்ல ஏத்திடறேங்க.