இரண்டு கூடம், ஒரு பீடம்

வாட்ஸ்அப் குழு: வடக்கன்குளம் வீட்டார்

ஷீபா (இரவு 8:12): பெரியப்பா, அவரவர் ஊரில் ஒரு பழைய கட்டடத்தை அளந்து வரைபடம் போடச் சொல்லியிருக்கிறார்கள் காலேஜில். நான் நம் திருக்குடும்பக் கோயிலை எடுத்திருக்கிறேன். வழக்கமாகக் கிறிஸ்தவக் கோயில் சிலுவை வடிவில் இருக்கும். இதில் இரண்டு நீளக் கூடம் சாய்வாக வந்து ஒரே பீடத்தில் சேர்கிறது. ஏன் இப்படிக் கட்டினார்கள்?

சேவியர் (8:15): கால்சட்டைக் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள் 😄

மேரி (8:17): நம் கோயிலில்தானே புனிதர் தேவசகாயம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்? அதை முதலில் எழுது மக்கா.

லூர்து (8:21): ஊர் இதுதான் மேரி, கட்டடம் இது இல்லை. புட்டாரி சாமியார் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1745 மே 14. இந்தக் கோயில் 1872இல் கட்டி முடித்தது. அவரைக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றே அப்போது 120 வருஷம் ஆகியிருந்தது.

ஷீபா (8:22): நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை 🙂

சேவியர் (8:23): அண்ணே, குழுவில் வேண்டாமே. பிள்ளை படத்தை வரைந்து மார்க் வாங்கட்டும்.

லூர்து (8:31): வரைந்தாலே கேள்வி வரும்டா. சொல்லிவிடுகிறேன். ஒரு கூடம் வெள்ளாளர், முதலியாருக்கு. இன்னொன்று நாடார் முதலான மற்றவர்களுக்கு. வாசல் தனி, கூடம் தனி, நடுவில் சுவர். பூசை வைக்கிற சாமியார் இரண்டு பக்கத்துக்கும் தெரிவார். இந்தக் கூடத்து ஆளுக்கு அந்தக் கூடத்து ஆளின் முகம் தெரியாது.

ஷீபா (8:35): ஓ, சாய்வு அதற்குத்தானா! இரண்டு கூடத்தையும் பக்கம் பக்கமாக நேரே வைத்திருந்தால் நடுவில் இருக்கிற பீடம் யாருக்கும் நேராகத் தெரியாது. சாய்த்ததால் இரண்டின் நடுக்கோடும் பீடத்தில் போய் முட்டுகிறது. கட்டியவர் கெட்டிக்காரர்தான். அந்த மூளையை இதற்கா செலவழிக்க வேண்டும்?

மேரி (8:36): சாமிமார் எப்படிச் சம்மதித்தார்கள் அண்ணே?

லூர்து (8:42): மாட்டேன் என்றால் ஒரு கூட்டம் கிறிஸ்தவ வேதத்தை விட்டே போய்விடும் என்ற பயம். நம் ஊரில் மட்டும் என்று நினைக்காதே. புதுச்சேரிக் கோயிலுக்குள்ளும் ஒரு சுவர் இருந்தது. 1745இல் அதை வைத்து நடந்த தகராறை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் வாங்கிய அதே வருஷம்.

சேவியர் (8:43): சரி, ஆரம்பித்தாயிற்று. சுவரை இடித்ததையும் சொல்லிவிடுங்கள். பாதியில் விட்டால் ஊர் மானம் போய்விடும்.

லூர்து (8:50): இடித்தது 1910இல். கௌசானல் சாமியார் காலத்தில். பிரான்ஸிலிருந்து வந்த சேசு சபைக்காரர். 1903இல் திரு இருதய சகோதரர்கள் சபையைத் தொடங்கியவரும் அவர்தான். சுவர் போனதும் வெள்ளாளர், முதலியார் தரப்பு வழக்குப் போட்டது. எங்கள் கூடத்தில் மற்றவர்கள் வரக்கூடாது என்று. மதராஸ் ஹைகோர்ட் வரை போனார்கள். சாதி உயர்வைக் காட்டிக் கோயிலுக்குள் தனி உரிமை கேட்க முடியாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

மேரி (8:52): கோயிலுக்குள் உட்காருவதற்கு ஹைகோர்ட்டு! நல்ல வேதக்காரர்கள்.

ஷீபா (8:55): அந்தச் சுவரையும் வரைபடத்தில் காட்டப் போகிறேன்.

சேவியர் (8:55): இல்லாத சுவரை எதற்கு வரைகிறாய்?

ஷீபா (8:57): இடித்த பகுதியைப் புள்ளிக்கோட்டில் காட்டலாம் சித்தப்பா. அது இல்லாவிட்டால் இரண்டு கூடம் எதற்கு என்று பார்க்கிறவருக்குப் புரியாது. ஏதோ அழகுக்குக் கட்டியது என்று நினைப்பார்கள்.

லூர்து (9:01): போடு. பக்கத்தில் 1910 என்றும் எழுது. அப்புறம், இரண்டு கூடத்தையும் டேப் பிடித்து அள. ஒன்றை அளந்துவிட்டு மற்றதும் அதே அளவுதான் என்று போட்டுவிடாதே.

ஷீபா (9:02): அதைத்தான் நானும் பார்க்க வேண்டும் என்றிருக்கிறேன் பெரியப்பா. அகலமும் வாசலும் சேர்த்து.

மேரி (9:04): காலைப் பூசை முடிந்ததும் போ. கோயில்பிள்ளையிடம் நான் சொல்லிவைக்கிறேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டாமா?

சேவியர் (9:06): நான் வருகிறேன். முட்டி வலி, குனியச் சொல்லாதே.