புளோக் கீழ பழைய படைவீரர்களுக்கு ஒரு நினைவுச் சுவர், யாராச்சும் பண்ணியிருக்கீங்களா?

யீஷூன்காரன்:
வணக்கம் மக்களே. எங்க புளோக்ல 1967ல சிங்கப்பூரோட முதல் பேட்ச்ல என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) போன அங்கிளுங்க சிலர் இன்னும் இருக்காங்க, எல்லாருக்கும் 75 தாண்டியாச்சு. இன்னொரு வீட்டுப் பாட்டி ஜான்சி ராணி படையில, அதான் நேதாஜி போஸோட ஐஎன்ஏவுல (இந்திய தேசிய ராணுவம்) இருந்த பெண்கள் படையில, இருந்தவங்க, இப்ப இல்ல, தொப்பி போட்ட போட்டோ மட்டும் ஹால்ல மாட்டியிருக்கு. லிப்ட் பக்கத்து சுவர்ல இவங்களுக்காக எல்லாருமா சேர்ந்து ஏதாச்சும் செய்யலாம்னு ஆர்சில (குடியிருப்பாளர் குழுவுல) பேச்சு. ஆர்டிஸ்ட் வந்து வரைஞ்சிட்டுப் போற மாதிரி வேணாம், பசங்களும் கை வைக்கணும். பெயிண்டா இல்ல வேற ஏதாச்சுமா? பாட்டியையும் சேர்க்கலாமா?

ஓட்டுச்சில்லு:
பெயிண்ட் வேணாம் ப்ரோ. சுவர் நகர மன்றத்தோட பராமரிப்புல இருக்கு, புளோக்குக்கு மறுபடி வர்ணம் அடிக்க வந்தா உங்க படத்தோட கதி என்னன்னு யோசிங்க. மொசைக் பண்ணுங்க. படத்த முழு சைஸ்ல பேப்பர்ல வரைஞ்சு, மேல பிளாஸ்டிக் ஷீட், அதுக்கு மேல பைபர் வலை விரிச்சு, டைல் துண்டுகள வலையிலேயே ஒட்டிடலாம், பசங்க மேசையில உக்காந்தே செய்வாங்க. டைல் உடைக்கிறது மட்டும் பெரியவங்க வேலை, விளிம்ப கல்லுல தேய்ச்சுட்டுக் குடுங்க, இல்லேன்னா விரல் கிழியும். காஞ்சதும் வலைய சிமெண்ட் போர்டுல பதிச்சு போர்ட சுவர்ல ஸ்க்ரூ போடுங்க. நாளைக்குக் கழட்டச் சொன்னாலும் முழுசா கழட்டிரலாம். பர்மிஷன மட்டும் எழுத்துல வாங்கிடுங்க, வாய்ப்பேச்சு உதவாது.

கோப்பி_ஓ:
பாட்டி விஷயத்துல கொஞ்சம் நிதானம். எஸ்பிளனேட் பார்க்ல போஸ் 1945 ஜூலை 8 அன்னிக்கு அடிக்கல் நாட்டின ஐஎன்ஏ நினைவுச்சின்னத்த பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்ததும் இடிச்சுப் போட்டான், 1995லதான் அந்த இடத்துல அடையாளச் சின்னம் வச்சாங்க. நமக்கு அது பெருமை சரி, ஆனா ஐஎன்ஏ ஜப்பான்காரனோட சேர்ந்து நின்ன படை. எதிர்வீட்டு சீனத் தாத்தாவுக்கு ஜப்பான் காலம்னாலே சூக் சிங், அதான் 1942ல ஜப்பான் ராணுவம் இங்க சீனர்களக் கொன்னு குவிச்சது, ஞாபகம்தான் வரும், அவரு தினம் அந்த லிப்ட் வாசல்லதான் நிக்கணும். அட, ஜப்பான்காரன் போடவச்ச சயாம் - பர்மா ரயில் பாதையில வேலை செஞ்சு செத்தவங்கள்ல நம்ம தோட்டத் தமிழாளுங்களே எத்தனை ஆயிரம்.

தேக்கா மச்சான்:
அதுக்காக பாட்டிய விட்டுட முடியுமா லா? ஐஎன்ஏவே 1942ல இங்க பிடிபட்ட இந்தியச் சிப்பாய்ங்கள வச்சுதான் ஆரம்பிச்சது. அதே இந்திய ராணுவத்து ஆளுங்க பிரிட்டிஷ் பக்கம் நின்னு செத்ததும் இருக்கு, கிராஞ்சி போர்க் கல்லறையில பெயர்த் தூண்களுக்குப் பின்னாடி தனியா ஒரு நினைவிடம், தகனம் செய்யப்பட்டவங்களுக்கு, கிட்டத்தட்ட 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர். போறவங்க பாதிப்பேர் அத எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. ரெண்டு பக்கத்தையும் ஒரே சுவர்ல வைங்க. அந்தத் தாத்தாகிட்ட முதல்ல போய் உக்காந்து பேசிட்டு அப்புறம் பென்சில எடுங்க, அவரு வீட்டுக் கதைக்கும் ஒரு போர்டு ஒதுக்குங்க.

மீனா ஆண்டி:
தம்பி, அங்கிளுங்ககிட்ட என்ன வேணும்னு கேட்டீங்களா? எங்க வீட்டுக்காரரும் அந்த பேட்ச்தான், துப்பாக்கியோட மூஞ்சிய வரையாதீங்கம்பாரு. அவருக்கு ஞாபகம் இருக்கறதெல்லாம் சமூக மன்றத்துல விருந்து போட்டு வழியனுப்பினதும் அந்தப் பச்சை யூனிபார்மும்தான். கஞ்சி போட்டா சட்டை தனியா நிக்கும். போட்டது யாரு, என் மாமியார்! சனிக்கிழமை ராத்திரி வடிகஞ்சிய வடிகட்டி முக்கி, அயர்ன் பொட்டி சூட்டுல கை காய்ச்சுப் போகும். அந்தச் சட்டைய கொடியில காயற மாதிரி போடுங்க, மாமியாருக்கும் சேர்த்து ஆச்சு.

யீஷூன்காரன்:
ஆண்டி சூப்பர், சட்டை கன்பர்ம். ஓட்டுச்சில்லு, போர்டு எவ்ளோ தடிமன் வாங்கணும்? சீனத் தாத்தா ஹொக்கியன் (ஒரு சீன வட்டார மொழி) மட்டும்தான் பேசுவாரு, அவரு பேத்திகிட்ட சொல்லியிருக்கேன், ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறா.