இங்கிலாந்துல இந்த வருஷம் குளிரே இல்லையாம், பிளாக்கரண்ட் செடிய என்ன செய்றது?

சிப்புட் அக்கா:
வணக்கம் எல்லாருக்கும், நான் மலேசியாவுல சுங்கை சிப்புட். நம்ம வாசல்ல லிமாவ் (எலுமிச்சை), மல்பெரி, கொய்யான்னு செடிக்குக் கொறைவில்ல ஆனா இது நமக்குப் பழக்கமில்லாத ஊரு சமாச்சாரம். என் மக கல்யாணமாகி லீட்ஸ் பக்கம் இருக்கா, வீட்டுப் பின்னாடி கறுப்பா குட்டிக் குட்டிப் பழம் காய்க்கிற பிளாக்கரண்ட் நாலு, ரெண்டு கூஸ்பெரி, தொட்டியில ஒரு புளூபெரி வச்சிருக்கா. ஜனவரி மாசம், உறைபனி கொட்ட வேண்டிய நேரத்துல மழைதான் பெய்யுதாம், பகல்ல 10 டிகிரிக்கு மேலயே நிக்குதாம். கிளையில மொட்டெல்லாம் உப்பி நிக்குதுன்னு வாட்சப்புல படம் அனுப்புனா. கிளைய வெட்டவா, உரம் போடவா, தொட்டிய வீட்டுக்குள்ள தூக்கி வைக்கவான்னு கேக்குறா பாவம். தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

பீடோர் மாமா:
அக்கா, நான் அங்க ரொம்ப வருஷம் வேல செஞ்சு இப்ப ஊரோட வந்துட்டேன், அங்க பிளாக்கரண்ட் செடி வச்சிருந்தேன். முதல்ல உரம் வேணவே வேணாம்னு சொல்லுங்க, இப்ப போட்டா இளந்தளிரா கெளம்பிடும், பின்னால ஒரு ராத்திரி உறைபனி விழுந்தாலும் கருகிடும். பிப்ரவரி கடைசி, மார்ச்சுல போட்டா போதும்.

வெட்டுறத மட்டும் தள்ளிப் போட வேணாம், மொட்டு வெடிச்சு பச்ச தெரியறதுக்கு முன்னாடி முடிச்சிடணும். பிளாக்கரண்ட் போன வருஷம் வளந்த குச்சியிலதான் நல்லா காய்க்கும், அதனால தோல் கறுத்துப்போன கெழட்டுக் கிளையில மூணுல ஒரு பங்க அடியோட, மண்ணு மட்டத்துல வெட்டணும், வெளிர் நெறத்துல இருக்குற இளங்குச்சிய விட்டுடணும். கூஸ்பெரிக்கு இப்படிச் செஞ்சா கெட்டுடும், அது பழைய கிளையிலயும் காய்க்கும், பக்கக் குச்சிய மட்டும் ரெண்டு மூணு மொட்டு விட்டு நறுக்கி, நடுவுல காத்து போற மாதிரி திறந்து விடணும்.

அப்புறம் அந்த மொட்டப் பத்தி. படத்த நல்லா பெருசாக்கிப் பாருங்க அக்கா. சூட்டுல முழிச்ச மொட்டுன்னா ஒல்லியா, நுனி கூரா இருக்கும். பட்டாணி மாதிரி உருண்டையா இருந்தா அது வேற, உள்ள கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பூச்சி ஆயிரக்கணக்குல குடியிருக்கும், வசந்தத்துல வெளிய வந்து மத்த மொட்டுக்கும் பரவும், செடியக் காய்க்க விடாத ஒரு வைரஸையும் கூடவே கொண்டுபோவும்.

பால்மரத்து வீடு:
தங்கச்சி, நான் அந்தப் பக்கமெல்லாம் போனதில்ல, பால்மரம் (ரப்பர்) வெட்டி பால் எடுத்த குடும்பம். ஆனா இது நமக்குப் புரியாத கதையில்ல. வெயில் நல்லா அடிச்சா பிப்ரவரி மார்ச்சுல பால்மரம் இலையெல்லாம் ஒட்டுக்கா உதுத்துட்டு ஒட்டுக்கா தளிர் விடும். மழை விடாத வருஷத்துல ஒரு மரம் மொட்டையா நிக்கும், பக்கத்து மரம் பழைய இலையோட நிக்கும், வந்த தளிர்லயும் சாம்பல் நோய் விழுந்து மறுபடி கொட்டும். அவங்க செடி வெயிலுக்குப் பதிலா குளிரக் கணக்குப் பண்ணுது, அவ்வளவுதான். குளிர் பத்தலன்னா பூ ஒண்ணா வராது, காயும் கொறையும்.

ரிங்லெட் வாசி:
அண்ணன் சொன்னது சரி. 0லேர்ந்து 7 டிகிரி வரைக்கும் இருக்குற நேரத்தத்தான் செடி எண்ணும், பிளாக்கரண்டுல நெறைய ரகத்துக்கு 1000 மணி நேரத்துக்கு மேல வேணும். நம்ம கேமரன் மலையில ராத்திரி 15 டிகிரிதான், அதனாலதான் ஸ்ட்ராபெரி வருது இது வர மாட்டேங்குது. அதனால புளூபெரித் தொட்டிய வீட்டுக்குள்ள மட்டும் எடுத்துட்டுப் போவ வேணாம்! கெடைக்கிற கொஞ்சக் குளிரும் போயிடும். வெயில் படாத செவுத்தோரமா நகத்தி, அடியில செங்கல் வச்சு தூக்கி விடுங்க, மழை ஜாஸ்தின்னா வேர் அழுகிடும். தண்ணி ஊத்தறதா இருந்தா மழைத்தண்ணி, அதுக்குப் புளிப்பு மண்ணுதான் புடிக்கும்.

சிப்புட் அக்கா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இப்பதான் வீடியோ கால்ல பாத்தோம், முக்காவாசி கூராத்தான் இருக்கு, ஒரு செடியில மட்டும் அஞ்சாறு உருண்டையா இருக்கு. முழுச் செடியையும் புடுங்கணுமா மாமா? போன வருஷம் அந்தப் பழத்துல ஜாம் காச்சி எனக்கு அனுப்புனா, மனசே வர மாட்டேங்குது.

பீடோர் மாமா:
அஞ்சாறுதானே அக்கா, வேணாம். இப்பவே கையால கிள்ளி, பையில கட்டி குப்பையில போடச் சொல்லுங்க, எருக்குழியில போட வேணாம். அந்தச் செடிலேர்ந்து குச்சி எடுத்து புதுசா நடவும் வேணாம். வருஷா வருஷம் உருண்ட மொட்டு கூடிக்கிட்டே போயி காயும் கொறைஞ்சாத்தான் புடுங்கணும், அப்ப வேற எடத்துல 'பென் ஹோப்'னு ஒரு ரகம் வாங்கி வைக்கச் சொல்லுங்க, அந்தப் பூச்சிய அது தாங்கும்.

இன்னொண்ணு, மொட்டு இப்பவே உப்பிட்டதால இந்த வருஷம் கொஞ்சம் பூ முன்கூட்டியே வந்துடலாம், அங்க ஏப்ரல் மாசமும் உறைபனி விழும், மே தொடக்கத்துல கூட விழுந்து பாத்திருக்கேன். செடிக்குப் போத்துற வெள்ளத் துணி நர்சரியில விக்கும், இப்பவே வாங்கி வச்சுக்கட்டும். உறைபனி வரும்னு சொன்னா சாயங்காலமே போத்திட்டு காலையில எடுத்துடணும், இல்லன்னா தேனீ உள்ள வர முடியாது.