கம்போடியா: அம்மாவோடு ஒரு கிழமை, அரண்மனையா கோயிலா நூதனசாலையா?

கனகாம்பிகைக்குளம்

வணக்கம். பெரும்போக அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு வந்ததும், மாசியில் அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு கம்போடியா போக யோசிக்கிறேன். ஒரு கிழமைதான் லீவு எடுக்கலாம். அம்மா வற்றாப்பளை அம்மன் பொங்கலைத் தவறவிடாத ஆள். அங்கோர் வாட்டை டிவியில் பார்த்ததிலிருந்து "இது விஷ்ணு கோயில் என்கிறாய், பிறகு ஏன் உள்ளே புத்தர் இருக்கிறார்" என்று கேட்டபடி இருக்கிறா. எனக்குத் தலைநகர் புனோம் பென் அரண்மனையும் தேசிய நூதனசாலையும் பார்க்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், மகனுக்குப் பத்து வயது. இரண்டு ஊரையும் பார்க்கலாமா, அங்கோர் வாட் இருக்கும் சியம் ரீப்போடு நிற்பது நல்லதா?

இன்னொன்று. புனோம் பென் போனவர்கள் எல்லோரும், கெமர் ரூஜ் ஆட்சியில் ஆட்களை அடைத்து வதைத்த துவோல் ஸ்லெங் சிறையைப் பார்க்கச் சொல்கிறார்கள். 2009 இல் எங்கள் போரின் கடைசியில் மாத்தளன் வரை நடந்த அம்மாவை அங்கே கூட்டிப்போகலாமா என்று எனக்கு முடிவெடுக்க முடியவில்லை.

ஒட்டுசுட்டான்

தங்கச்சி, அம்மாவுக்காகப் போகிறீர்கள் என்றால் பந்தேய் ஸ்ரேயை விட்டுவிடாதீர்கள். சியம் ரீப்பிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீற்றர். அரசன் கட்டியதல்ல, யக்ஞவராகர் என்ற அரச குரு கட்டிய சிவன் கோயில், 967 இல் பிரதிட்டை. சின்னக் கோயில், ஏறி இறங்கும் வேலை இல்லை, முழங்காலுக்குப் பயப்பட வேண்டாம். சிவந்த மணற்கல்லில், மரத்தில் செதுக்கியது போல அவ்வளவு நுணுக்கமான வேலை.

கிழக்கு வாசல் முகப்பில் பத்துக் கையோடு சிவன் ஆடுவார். அவர் காலடியில், ஓரமாக, எலும்பும் தோலுமாய் மார்பு வற்றி ஒரு பெண் இருப்பா. அது காரைக்கால் அம்மையார் என்றுதான் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். பொலன்னறுவைச் சிவாலயத்தில் கிடைத்த அம்மையார் செப்புத் திருமேனியும் இதே மெலிந்த கோலம்தான். பெரியபுராணம் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அந்த இடத்தில் வழிகாட்டி தேவையில்லை, அம்மாவே மகனுக்குக் கதை சொல்லட்டும். உள்ளே தெற்குப் பக்க நூலகம் என்று சொல்லும் சின்னக் கட்டடத்தில் இராவணன் கயிலையைத் தூக்குகிறான், மிருகங்கள் எல்லாம் பயந்து ஓடுகின்றன. இலங்கையிலிருந்து போகிறவர்கள் அதில் கொஞ்ச நேரம் நிற்பீர்கள்.

அம்மாவின் கேள்விக்கு: அங்கோர் வாட்டை 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குத்தான் கட்டினான். பிறகு நாடே பௌத்தத்துக்கு மாறியது, பிக்குமார் அங்கே வழிபாட்டைத் தொடர்ந்தார்கள், அதனால்தான் அந்தக் கோயிலைக் காடு முழுதாக விழுங்கவில்லை. மேற்கு வாசலில் எட்டுக் கையோடு பெரிய விஷ்ணு இன்றும் நிற்கிறார், ஊர்ச்சனம் பூவும் ஊதுபத்தியும் வைத்துக் கும்பிடுகிறது. அம்மாவை அங்கே நேரே கூட்டிப்போங்கள்.

உச்சித் தளத்துக்குப் படி மிகச் செங்குத்து, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் ஏற விடமாட்டார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை, பார்க்க வேண்டியது கீழ்ச்சுற்றுச் சுவரில்தான் இருக்கிறது. பாற்கடல் கடையும் சிற்பம் மட்டும் 49 மீற்றர் நீளம். மேற்குச் சுவரில் ஒரு பக்கம் குருசேத்திரம், அம்புப் படுக்கையில் வீஷ்மர். மறுபக்கம் இராமாயணத்து இலங்கைப் போர்.

நெடுங்கேணி_23

புனோம் பென்னைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன், அதுவும் முதலில். காரணம், கோயில்களில் இருந்த நல்ல சிலைகள் பல தேசிய நூதனசாலையில்தான் இருக்கின்றன. 1920 இல் திறந்த சிவப்புக் கட்டடம், கூரையே கோயில் போல இருக்கும்.

அங்கே கோ கேர் என்ற பழைய தலைநகரத்துச் சிலைகளைத் தேடிப் பாருங்கள். வாலியும் சுக்கிரீவனும் கட்டிப் புரளுகிறார்கள். பக்கத்தில் வீமன், துரியோதனன். உள்நாட்டுப் போர்க்காலத்தில் கள்ளர் இந்த வீமனையும் துரியோதனனையும் கணுக்காலோடு உடைத்து வெளிநாட்டுக்கு விற்றுவிட்டார்கள், பாதங்கள் மட்டும் கோயில் பீடத்தில் மிஞ்சின. அந்தப் பாதங்களோடு பொருத்திப் பார்த்துத்தான் இது எங்கள் சிலை என்று நிரூபித்தார்கள், 2014 இல் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தன. கணுக்காலைக் கிட்ட நின்று பாருங்கள். சண்டைக்குள் எங்கள் பக்கத்தில் எத்தனை கோயில் விக்கிரகம் போனது என்று எனக்கு அதைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது.

அரண்மனை பக்கத்திலேயே, நடந்து போகலாம். 1866 இல் நொரோடோம் மன்னர் தலைநகரை அங்கே மாற்றியபோது தொடங்கியது. மண்டபம், தங்கக் கூரை எல்லாம் வடிவுதான், ஆனால் எனக்குப் பிடித்தது வெள்ளிக் கோயிலைச் சுற்றிய நடையில் உள்ள கெமர் (கம்போடிய) இராமாயண ஓவியம். ஈரத்தில் பல இடம் உரிந்துபோய்விட்டது, மிச்சத்தையாவது இப்போதே பாருங்கள். மத்தியானம் அரண்மனையைப் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், மகனுக்கு நீளக் காற்சட்டை. அங்கிருந்து சியம் ரீப்புக்கு பஸ்ஸில் ஆறு மணித்தியாலமளவில் போகலாம்.

முகமாலை

மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்தவன் நான், துவோல் ஸ்லெங் பற்றி மட்டும் சொல்கிறேன். அது பள்ளிக்கூடமாக இருந்த இடம். 1975க்கும் 79க்கும் இடையில் வகுப்பறைகளைச் செங்கல்லால் சின்னச் சின்ன அறையாகப் பிரித்து ஆட்களை அடைத்தார்கள். பிடித்துவந்த ஒவ்வொருவரையும் படம் எடுத்து வைத்திருந்தார்கள், அந்த முகங்கள் சுவர் முழுக்க உங்களையே பார்க்கும். மகனைக் கூட்டிப்போக வேண்டாம். அம்மாவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டு, அவவையே முடிவெடுக்க விடுங்கள். அவவுக்கு அது தாங்காது என்று நாங்கள் தீர்மானிக்க முடியாது, தாங்கும் என்றும் தீர்மானிக்க முடியாது.

பந்தேய் ஸ்ரே வீதியில் மிதிவெடி நூதனசாலை ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் படையில் சேர்க்கப்பட்டு வெடி புதைத்த அகி ரா என்பவர், வளர்ந்த பிறகு கையாலேயே அவற்றைத் தோண்டி எடுத்துத் தொடங்கியது. மகனை அங்கே கூட்டிப்போங்கள்.

கனகாம்பிகைக்குளம்

எல்லோருக்கும் நன்றி. அரண்மனை, நூதனசாலை, பிறகு பந்தேய் ஸ்ரே, கடைசியில் அங்கோர் வாட் என்று முடிவு. சிறை பற்றி அம்மாவிடம் இன்று இரவே கதைக்கிறேன். ரிக்கற் எப்படி? வெள்ளிக்கிழமை அம்மா மரக்கறிதான், சாப்பாடு கிடைக்குமா?

ஒட்டுசுட்டான்

அங்கோருக்கு ஒரு நாள் ரிக்கற் 37 டொலர், மூன்று நாள் 62. மூன்று நாள் எடுங்கள், பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் பாவிக்கலாம், பந்தேய் ஸ்ரேயும் அதற்குள் அடக்கம். மகனுக்கு இலவசம், ஆனால் வயதைக் காட்டக் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். விசாவை இங்கேயே எடுத்துவிடுங்கள், போய் இறங்கி எடுக்கலாம் என்று நம்ப வேண்டாம். மாசிக்கு மேல் தள்ளவும் வேண்டாம், பங்குனி சித்திரையில் அந்தக் கல்லுக்குள் வெயில் தாங்காது. சாப்பாட்டில், மரக்கறி என்று சொன்னாலும் மீன் சாறு விடுவார்கள், அதுவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். சியம் ரீப்பில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, வெள்ளிக்கிழமையை அங்கே வருகிறமாதிரிப் போடுங்கள்.