மாஸ் எஃபெக்ட் 2: கிரக ஸ்கேனிங்கும் மற்ற வடிவமைப்புக் குறைகளும்

நொய்யல்வாசி, கோவை

2010 ஜனவரியில் வெளிவந்த மாஸ் எஃபெக்ட் 2 என்ற வீடியோ கேமை அறிவியல் புனைவு ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு) வரிசையின் உச்சம் என்று இங்கே பலரும் எழுதுகிறார்கள். கதாபாத்திரங்களைப் பொறுத்தவரை எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால், 2007-இல் வந்த முதல் பாகத்தை முடித்து, அதே சேவ் ஃபைலுடன் (சேமித்த ஆட்டத்துடன்) இரண்டாம் பாகத்துக்குள் நுழைந்தவர்களுக்கு ஒரு பெரிய இழப்பு உடனே தெரிந்திருக்கும். மாகோ வண்டியில் ஏறி ஆளில்லாத கிரகங்களில் அலையும் அனுபவத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கனிம ஸ்கேனிங்கை வைத்தார்கள். மவுஸின் வலது பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிரகத்தின் மேல் ஒரு வட்டத்தை ஆமை வேகத்தில் நகர்த்தி, பக்கத்திலுள்ள வரைகோடு துள்ளும் இடத்தில் கனிமத்தை எடுக்கும் புரோப் என்ற கருவி ஒன்றை இறக்க வேண்டும். பிறகு அடுத்த இடம், அடுத்த கிரகம், மீண்டும் அதே வேலை. 2012-இல் கோவையில் மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரமே அதிகமாக இருந்த நாட்களில், கிடைத்த நேரமெல்லாம் பல்லேடியம் என்ற கனிமத்தைத் துழாவுவதிலேயே போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பவானிக்கூடல், ஈரோடு

தம்பி, மாகோவை நினைத்து இவ்வளவு ஏங்குவதற்கு முன் அந்தக் கிரகங்களில் என்ன இருந்தது என்பதையும் எழுதியிருக்க வேண்டும். செங்குத்தான மலைகளில் வண்டியைத் தட்டுத் தடுமாறி ஏற்றினால், அந்தப் பக்கம் இருப்பது ஏற்கெனவே பார்த்த அதே அறைகளும் அதே பெட்டிகளும் கொண்ட கட்டடம்தான். பொருட்களை வைக்கும் இன்வென்டரியில் 150 பொருட்கள் சேர்ந்ததும் இடம் இல்லை என்று எச்சரிக்கை வரும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருக்கி ஆம்னி-ஜெல் என்ற பொதுப் பொருளாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதையெல்லாம் விளையாட்டை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் வெட்டியது சரியான முடிவு. அந்த உழைப்பு முழுவதும் நம்மோடு போரிடும் தோழர்களின் விசுவாசத்தைப் பெறும் லாயல்டி மிஷன்களுக்கும் இறுதித் தற்கொலைப் பணிக்கும் போனதால்தான் இந்த விளையாட்டை இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்கேனிங்குக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. தோழர்களில் ஜேக்கப் கேட்கும் கவசம், டாலி கேட்கும் தடுப்புத்திரை, காரஸ் கேட்கும் பீரங்கி ஆகிய மூன்றையும் நம் விண்கப்பலான நார்மண்டியில் பொருத்தாமல், எதிரியின் தளத்துக்குப் போகும் வாயிலான ஒமேகா-4 ரிலேயைக் கடந்தால், போகும் வழியிலேயே தோழர்கள் சாகிறார்கள். தோண்டிய கனிமம்தான் அந்த உயிர்களைக் காக்கிறது.

நொய்யல்வாசி, கோவை

அண்ணா, நீங்கள் சொன்ன அந்தத் தொடர்புதான் என் புகாருக்கே காரணம். விளையாட்டின் மிகச் சிறந்த பகுதிக்குப் போகும் வழியில், மிகச் சலிப்பான பகுதியைச் சுங்கச்சாவடியாக நிறுத்தியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்து, ஆயிரம் அடிக்கும் மேல் போர்வெல் போடுகிறவருக்குத் தண்ணீர் வராவிட்டால் கடன் தலைமேல் நிற்கிறது. அதனால் எங்கே தோண்டுவது என்பது அவருக்கு ஒரு முடிவு. இந்த விளையாட்டில் தவறான இடத்தில் இறங்கும் புரோப்புக்குச் விளையாட்டுப் பணமான சில கிரெடிட்டுகளுக்கு மேல் விலை இல்லை; எரிபொருள் நிலையத்துக்குப் போய் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். தோற்க வழியில்லாத இடத்தில் முடிவெடுக்கவும் எதுவுமில்லை, வெறும் நேரம்தான் செலவாகிறது. முதல் பாகத்தின் கிரகங்கள் வெறுமையாக இருந்தன என்றால், அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்து, இருப்பவற்றில் பார்ப்பதற்கு ஏதாவது வைத்திருக்கலாமே.

ஆழியாறு, பொள்ளாச்சி

இருவரும் ஸ்கேனிங்கோடு நின்றுவிட்டீர்கள். அதைவிட ஆழமான குறை பாரகன் (கனிவு), ரெனிகேட் (கடுமை) என்ற நடத்தைக் கணக்கில் இருக்கிறது. முதல் பாகத்தில் பேசி இணங்க வைப்பதும் மிரட்டிப் பணிய வைப்பதும் புள்ளி செலவழித்து வளர்க்கும் திறன்கள். இரண்டாம் பாகத்தில் அவற்றை எடுத்துவிட்டு, அதுவரை கிடைத்திருக்கக்கூடிய நன்னெறிப் புள்ளிகளில் எத்தனை பங்கை நாம் சேர்த்திருக்கிறோம் என்று விளையாட்டு திரைக்குப் பின்னால் கணக்குப் போடுகிறது. தோழர்களான மிராண்டாவும் ஜாக்கும் மோதிக்கொள்ளும் காட்சியில் இருவரையும் சமாதானப்படுத்தும் பதில் தேர்ந்தெடுக்க முடியாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தால், அதற்குக் காரணம் எங்கோ ஒரு குற்றவாளியிடம் நாம் கடுமையாகப் பேசியதாக இருக்கலாம். விளைவு என்னவென்றால், ஒவ்வொரு சூழலையும் தனித்தனியாக எடைபோட்டுப் பதில் சொல்கிறவர் தண்டிக்கப்படுகிறார். பதில்களில் எப்போதும் பாரகனுக்கான மேல் வரியையோ எப்போதும் ரெனிகேட்டுக்கான கீழ் வரியையோ அழுத்துகிறவர் பரிசு பெறுகிறார். பாத்திரமேற்று நடிப்பதுதானே ஆர்பிஜியின் உயிர்? அதையே இது முடக்குகிறது.

துப்பாக்கிச் சூட்டை வாங்கிக்கொள்ளும், தீர்ந்தால் மாற்ற வேண்டிய தெர்மல் கிளிப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் பாகத்தில் துப்பாக்கிகள் சூடேறி, தாமே ஆறும். நாம் இயக்கும் தளபதி ஷெப்பர்ட் இறந்து கிடந்த இரண்டு ஆண்டுகளில்தான் தெர்மல் கிளிப் வழக்கத்துக்கு வந்தது என்று கதை விளக்கம் சொல்கிறது. அப்படியிருக்க, ஜேக்கப்பின் லாயல்டி மிஷனில் பத்து ஆண்டுகளுக்கு முன்பே கப்பல் விழுந்து வெளியுலகத் தொடர்பு அறுந்த கிரகத்திலும் அதே கிளிப்புகள் தரையில் கிடக்கின்றன. ஷூட்டர் ரசிகர்களுக்காகச் செய்த மாற்றத்தைக் கதையோடு பொருத்திப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை.

பவானிக்கூடல், ஈரோடு

அக்கா, கிளிப் விஷயத்தில் வாதாட எனக்கு விருப்பமில்லை. சண்டை அவ்வளவு விறுவிறுப்பாக மாறியதற்கு அந்த விலை எனக்குச் சம்மதம். மிராண்டா, ஜாக் சண்டையில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. ஒரு தளபதியின் சொல்லுக்கு எடை வருவது அவர் அதுவரை நடந்துகொண்ட விதத்தால்தான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ரிலேயைக் கடக்கத் தேவையான ரீப்பர் ஐஎஃப்எஃப் கருவியை எடுக்கும் பணிக்குப் பிறகு கப்பலின் மாலுமிகள் கடத்தப்படுகிறார்கள். மீட்க உடனே கிளம்பாமல் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தால், அவர்களில் ஒருத்தியான கெல்லி சேம்பர்ஸ் நம் கண் முன்னாலேயே கரைந்து போகிறாள். அவசரம் என்று ஒரு விளையாட்டு சொன்னால் அது உண்மையிலேயே அவசரம்தான் என்பதை நான் முதன்முதலில் உணர்ந்தது அந்தக் காட்சியில்தான்.

ஆழியாறு, பொள்ளாச்சி

நடந்துகொண்ட விதம் என்றால் அதில் நிதானமும் அடங்க வேண்டும். அகதிக்கு இரங்கியவள் ஆயுத வியாபாரியிடம் கடுமை காட்டினால் அவளுடைய மதிப்பு எந்தப் படையிலும் கூடுமே தவிரக் குறையாது. இந்தக் கணக்கில் அந்தக் கடுமை பாரகன் பங்கைக் குறைத்துவிடுகிறது.

நொய்யல்வாசி, கோவை

கெல்லியின் சாவு என்னையும் உலுக்கியது, அண்ணா. ஆனால் அந்த இடம் வரும் வரை இந்த விளையாட்டு நமக்கு என்ன பழக்கியது என்று பாருங்கள். அவசரம் என்று வந்த செய்திகளைக் கிடப்பில் போட்டுவிட்டு எத்தனை கிரகங்களை வேண்டுமானாலும் ஸ்கேன் செய்யலாம், யாருக்கும் எதுவும் ஆகாது. லீஜியன் என்ற இயந்திரத் தோழன் வேறு அந்த ஐஎஃப்எஃப் பணியில்தான் முதன்முதலாகக் கப்பலுக்கு வருகிறான். அவனுடைய லாயல்டி மிஷனை முடிப்பதற்கும் மாலுமிகளை உயிரோடு மீட்பதற்கும் நடுவில் உள்ள அவகாசம் மிகக் குறுகியது, அது எவ்வளவு என்று திரையில் எங்கும் காட்டப்படுவதுமில்லை. தொடக்கத்திலிருந்தே ஓரிரு சிறிய பணிகளிலாவது தாமதத்துக்கு விலை வைத்திருந்தால், கெல்லியை இழந்தவர் அதைத் தன் முடிவின் விளைவாக ஏற்றுக்கொண்டிருப்பார். இப்போது இருக்கும் நிலையில் அவர் பழைய சேவ் ஃபைலைத் தேடித்தான் போகிறார்.