பூட்டா, தாழா, முட்டா? வில்லுக்கத்திக்கு ஒரு கலைச்சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மடக்குக்கத்திச் சொற்பட்டியலில் ‘லொக்’ என்பதற்குப் ‘பூட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. சொல் நயத்துக்காகக் கேட்கவில்லை. அந்தச் சொல்லை வைத்துச் செய்முறை எழுதினால் யாரோ ஒருவருடைய விரல் போகும்.

திருகோணமலையில் ‘கதவைப் பூட்டு’ என்றால் கதவைச் சாத்து என்றுதான் விளங்கும். திறப்பு (சாவி) போடுவது பிறகு, வேண்டுமானால். ‘யன்னலைப் பூட்டிவிட்டுப் படு’, ‘கடை பூட்டியாச்சு’ எல்லாம் அதே கணக்கு. இனி இந்த வரியைப் பாருங்கள்: ‘அலகை விரித்து, கத்தியைப் பூட்டிய பின், முதுகில் அழுத்திச் சோதிக்கவும்.’ உப்புவெளிக் கரையில் வலை பொத்துகிறவர் இதை வாசித்தால் விரித்த அலகைத் திரும்ப மடக்குவார். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். ‘சாத்து’, ‘மூடு’ என்று பேசுகிற தமிழகத்து நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்காது. ஆனால் பட்டியல் எல்லாருக்கும் பொது.

ஒபினெல் என்ற பிரெஞ்சு மடக்குக்கத்தியில் குழப்பம் இரண்டு மடங்காகிறது. அலகு பிடியோடு சேருமிடத்தில் ஒரு உலோக வளையம் சுழலும். 1955இல் வந்த அந்த வளையம் முதலில் விரித்த அலகை மட்டும் தடுத்தது. இப்போது வருகிற வளையம் மடித்த நிலையிலும் அலகைப் பிடித்து வைக்கிறது. ‘ஒபினெல் பூட்டியிருக்கிறது’ என்றால் எந்த நிலை என்று யாராலும் சொல்ல முடியாது.

மாற்றுச் சொல்லுக்கு முன் ஒரு பழைய சொல்லை நினைவூட்ட வேண்டும். மடக்குக்கத்திக்கு எங்கள் பக்கத்தில் வில்லுக்கத்தி என்று பேர் உண்டு. ‘ஸ்பிறிங்’குக்கு நம் பாடநூல்கள் வைத்திருப்பதும் ‘வில்’தான். பிடியின் முதுகோடு ஓடும் எஃகு வில், அலகின் சதுரமான அடியை அழுத்தி நிற்கும். மடக்கும்போது சதுரத்தின் மூலை வில்லைத் தூக்கும்; மூலை தாண்டியதும் வில் ‘டக்’கென்று அடுத்த முகத்தில் உட்காரும். அழுத்தம் மட்டுமே உண்டு. குறுக்கே நின்று தடுக்க ஒன்றும் இல்லை. விக்டோரினொக்ஸின் 91 மி.மீ. கத்திகள் இந்த வகை. நுனியால் குத்தினாலோ, முதுகில் பாரம் விழுந்தாலோ அலகு விரல்மேல் மடியும். ஆகவே வில்லுக்கத்தி என்பதை இந்த வகைக்கே ஒதுக்கி வைத்தால், பெயரே எச்சரிக்கையாகிவிடும்: வில் மட்டும்தான், வேறு காவல் இல்லை.

குறுக்கே ஒன்று விழுந்து மடக்கைத் தடுக்கிற கத்திகளுக்குத் ‘தாழ்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். தாழ்ப்பாளில் இருக்கிற அதே தாழ். வினையாக ‘தாழிடு’, ‘தாழ் எடு’. சிறிய சொல் என்பதால் முன்னால் எதையும் ஒட்டலாம். பக் 110 என்ற அமெரிக்க மடக்குக்கத்தி மாதிரி (1964இலிருந்து வருகிறது) முதுகில் ஏற்றப்பலகை போல ஆடும் கட்டையின் கொக்கி அலகடியின் வெட்டில் விழுந்தால் முதுகுத்தாழ். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து வந்து அலகடிக்குப் பின்னால் நின்றால் தகட்டுத்தாழ். அதை இன்று நாம் காணும் வடிவத்துக்கு 1980களில் கொண்டுவந்தவர் மைக்கேல் வோக்கர் என்ற அமெரிக்கக் கத்தி செய்பவர். பிடியின் ஒரு பக்கமே அந்த வேலையைச் செய்தால் பிடித்தாழ். ஒபினெல்லுடையது வளையத்தாழ். இரண்டு மெல்லிய வில்கள் ஒரு சிறு உருளைக் கம்பியைக் குறுக்கே தள்ளி வைத்திருந்தால் குறுக்குத்தாழ்.

முதுகுத்தாழில் வழமையாக வரும் கோளாறு ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். அலகடியின் வெட்டுக்குள் மீன் செதிலோ, பொக்கற் பஞ்சோ, காய்ந்த உப்போ இறுகிக் கிடந்தால் கொக்கி முழுதாக இறங்காது. ‘டக்’ சத்தம் கேட்கும். ஆனால் முதுகில் கட்டையும் அலகும் ஒரே மட்டத்தில் இராது. விரலை அந்த இடத்தில் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் தாழ் விழவில்லை. ஈர்க்குக் குச்சியால் வெட்டைத் தோண்டித் துடைத்தால் சரியாகிவிடும்.

*

அண்ணன், வணக்கம்.

‘பூட்டு’ போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ‘தாழ்’ என்பதில்தான் தயக்கம்.

> குறுக்கே ஒன்று விழுந்து மடக்கைத் தடுக்கிற கத்திகளுக்குத் ‘தாழ்’

கதவுத் தாழ் ஒரு துளைக்குள் இறங்கி நிற்கும். கதவைத் தள்ளத் தள்ள அது துளையின் சுவரில் இறுகும்; நழுவிப் போக வழியில்லை. முதுகுத்தாழுக்கு இது பொருந்தும். தகட்டுத்தாழும் பிடித்தாழும் அப்படி வேலை செய்வதில்லை. அவற்றில் தகட்டின் நுனி அலகடியின் பின்முகத்தில் முட்டி நிற்கிறது, அவ்வளவுதான். சாய்ந்த சுவருக்குக் கம்பு கொடுத்து முட்டுக் கொடுப்போமே, அதே வேலை. முட்டு நல்ல கோணத்தில் நின்றால் யானை பலம். கோணம் பிழைத்தால் கம்பு நழுவும். தாழ் என்று கேட்டவர் ‘இனி மடியாது’ என்று நம்பிவிடுவார். ‘முட்டு’ என்றால் என்ன நடக்கிறது என்பதும் தெரியும், எங்கே பிழைக்கலாம் என்பதும் தெரியும்.

அந்தப் பின்முகம் நேர்ச்செங்குத்தாக இராது. ஏறக்குறைய 7 முதல் 8 பாகை சாய்வாக அரைத்திருப்பார்கள். அந்தச் சாய்வில் தகடு ஆப்புப் போல ஏறி, தேய்மானத்தைத் தானே ஈடுசெய்துகொள்ளும். சாய்வு கூடினால் முதுகில் பாரம் வந்ததும் தகடு பக்கமாக வழுக்கி வெளியேறும். குறைந்தால் தகடு அலகடியில் இறுகி, பெருவிரலால் தள்ளினாலும் அசையாது. டைட்டேனியத் தகடுகளில் இந்த இறுக்கம் அதிகம், ஏனென்றால் டைட்டேனியம் எஃகோடு உரசும்போது அப்பிக்கொள்ளும். பென்சில் கரியை அந்த முகத்தில் தேய்த்துவிட்டால் சில நாள் இலகுவாகும். நிரந்தரத் தீர்வு தகட்டு நுனியில் பொருத்திய எஃகுத் துண்டு. நல்ல பிடித்தாழ்க் கத்திகளில் அது ஆலையிலேயே இருக்கும்.

அந்த முகத்துக்கு எண்ணெய் மட்டும் வேண்டாம். முட்டு நிற்பது உராய்வில். அச்சாணிக்கு விட்ட எண்ணெய் வழிந்து அங்கே போனால் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தே ஆகவேண்டும். ‘இறுகுதே’ என்று எண்ணெய் விடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. பிடித்தாழில் கை இறுகப் பிடிக்கப் பிடிக்க உள்ளங்கை அந்தத் தகட்டை உள்ளே தள்ளும், தாழும் இறுகும். தகட்டுத்தாழில் அந்த உதவி குறைவு. தடித்த நைலோன் கயிற்றை முறுக்கி அறுக்கும்போது பிடி சற்றே திருகினால், அல்லது பிடியில் தகட்டுக்காக வெட்டிய இடத்தில் விரற்சதை புகுந்து தகட்டை வெளியே தள்ளினால், தாழ் விடுபடும். இதையும் ஒரு சொல்லால் வேறுபடுத்திக் காட்ட வேண்டாமா?

என் பரிந்துரை: தகட்டுமுட்டு, பிடிமுட்டு. முதுகுத்தாழ், வளையத்தாழ் அப்படியே இருக்கட்டும்.

*

தம்பி,

நீர் சொன்ன இயக்கம் முழுக்கச் சரி. ஆனால் வகைக்கு வகை தலைச்சொல்லை மாற்றினால், தேடுகிறவருக்கு எல்லாம் ஒரே குடும்பம் என்பது தெரியாமல் போகும். கடையில் ‘இதில் தாழ் இருக்கிறதா?’ என்று ஒரே கேள்வி கேட்க முடிய வேண்டும். ஆகவே முழு அமைப்புக்குத் தாழ். நீர் தந்த முட்டை அது உண்மையில் நடக்கிற இடத்துக்கு வைப்போம். தகட்டு நுனி அலகடியைத் தொடும் முகம் முட்டுமுகம். அந்த முகத்தில் எவ்வளவு அகலத்துக்குத் தகடு ஏறியிருக்கிறது என்பது முட்டளவு.

இந்த இரண்டாவது சொல்தான் எனக்கு நெடுநாள் தேவைப்பட்டது. புதுக் கத்தியில் முட்டளவு காற்பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குக்குள் இருந்தால் நல்லது. அதைவிடக் குறைந்தால் ஒரு மணல் துகள் நடுவில் நின்றாலும் முட்டு நழுவலாம். பழகப் பழகத் தகடு எதிர்ப்பக்கத்தை நோக்கி நகரும், அது இயல்பு. தகடு எதிர்ப்பக்க உட்தகட்டைத் தொட்டுவிட்டால் ஈடுசெய்ய இனி இடமில்லை. அதற்குமேல் தேய்வதெல்லாம் ஆட்டமாக வெளிப்படும். மணிக்கட்டால் வீசி வீசி விரித்தால் இந்த நகர்வு விரைவாகும்.

‘ஆட்டம்’ என்ற சொல்லை மாற்றத் தேவையில்லை. ஆனால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அலகு இடம் வலமாக அசைந்தால் பக்க ஆட்டம். அச்சாணியை எட்டிலொரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல் இறுக்கி, மடக்கி விரித்துப் பார்த்து, தேவையானால் மறுபடி. டொர்க்ஸ் என்ற நட்சத்திர வடிவத் திருப்புளியில் 8ஆம் அளவுத் தலை பெரும்பாலும் பொருந்தும், சிலவற்றுக்கு 6 அல்லது 10. அளவு குறைந்த தலையை வைத்துத் திருப்பினால் நட்சத்திரப் பள்ளம் வட்டமாகிவிடும், பிறகு அந்தத் திருகாணி கழராது. தானே தளர்ந்துகொண்டிருந்தால் நீலநிறத் திருகாணிப் பசையில் ஊசிமுனை அளவு புரியில் தொட்டு வையுங்கள். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்ற நன்றாகச் சூடாக்க வேண்டிவரும்.

அலகு மடங்கும் திசையில் மேல்கீழாக அசைந்தால் தாழ் ஆட்டம். இது முட்டுமுகத்தின் தேய்வு. அச்சாணியை எவ்வளவு இறுக்கினாலும் போகாது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவந்ததால்தான் தாழ் கெட்ட கத்தியில் அச்சாணியை இறுக்கிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று திரும்பப் பாவிக்கிறார்கள்.

சோதனை வரியை இப்படி எழுதலாம்: ‘அலகை விரித்துத் தாழிடவும். பிடியை விரல்களால் சுற்றிப் பிடிக்காமல், இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கவும். அலகின் முதுகை மரப்பலகையில் வைத்து மெல்ல அழுத்தவும்.’ அலகு மடிந்தாலும் அதன் வழியில் விரல் இராது. முதுகை ஓங்கி அடித்துப் பார்க்கும் பழக்கத்தைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அந்த அடியே நல்ல தாழின் முட்டுமுகத்தைப் பள்ளமாக்கும்.

கறள் (துரு) பற்றி ஒரு குறிப்பு, ஏனென்றால் இது எங்கள் கரைக்கு முக்கியம். நிலாவெளியிலோ கொட்டியாரக்குடா ஓரத்திலோ பாவிக்கும் கத்திக்கு எச்1, எல்சி200என், மக்னாகட் போன்ற உப்புக்குத் தாக்குப்பிடிக்கும் எஃகை எல்லாரும் சிபாரிசு செய்கிறோம். சரிதான். எச்1இல் காபன் மிகக் குறைவு என்பதால் கடல்நீரில் கிடந்தாலும் அதற்குக் கறள் பிடிப்பது அரிது. டி2 என்ற எஃகில் குரோமியம் ஏறக்குறைய 12 விழுக்காடு இருந்தும் கணிசமான பங்கு காபைட்டுகளில் (காபனோடு சேர்ந்த கடினத் துகள்களில்) சிறைப்பட்டிருப்பதால், உப்புக்காற்றில் இரவோடிரவாகப் புள்ளி விழும். ஆனால் அலகைப் பார்த்து ஏமாறக்கூடாது. அலகு மினுங்கும், உள்ளே தகடு, அச்சாணி, வில் எல்லாம் மலிவான எஃகாக இருந்து கறள் ஏறிக் கிடக்கும். தாழ் கெடுவது அங்கேதான். கடல்வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலகை விரித்து மடக்கிக் கழுவி, உதறி, விரித்தபடி நிழலில் காயவிட்டு, அச்சாணிக்கு ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய். ஒரு துளிதான், கூடினால் மணல் அப்பும். தேங்காயெண்ணெய் சிக்கு வாடை எடுத்துப் பிசுபிசுக்கும். சாப்பாட்டுப் பொருள் வெட்டுகிற கத்தியானால் உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெய்.

தீட்டும்போதும் தாழை நினைக்க வேண்டும். தண்ணீர்க் கல்லில் கரையும் சேறு அச்சாணிக்குள் போனால் அரைத்துவிடும். தீட்டத் தொடங்குமுன் அலகடியைச் சுற்றி ஒரு சுற்று ஒட்டுநாடா ஒட்டினால் போதும். வாயோரம் சுருண்டு எழும் மெல்லிய இழைக்குச் சொல் தேட வேண்டியதில்லை. பட்டறைக்காரர் ‘பிசிறு’ என்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

மிஞ்சியிருப்பது ஒன்று. தகட்டுத்தாழில் ஒரு சின்னக் குண்டு, மடித்த அலகின் குழியில் உட்கார்ந்து அதைப் பொக்கற்றுக்குள் திறக்காமல் பிடித்து வைக்கிறது. இது தாழ் அல்ல, முட்டும் அல்ல. பலமாகத் தள்ளினால் விட்டுக்கொடுக்க வேண்டியது. ‘பிடிகுண்டு’, ‘குழிக்குண்டு’ என்று இரண்டு யோசனை என்னிடம் உண்டு. இரண்டுமே நிறைவாக இல்லை. அலுமாரிக் கதவில் இதே வேலை செய்யும் குண்டுக்குத் தச்சுவேலைக்காரர் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தவர் எழுதுங்கள். அதுவரை அந்த இடத்தை வெறுமையாகவே விடுகிறேன்.