பைலின்ட் மதிப்பெண் 4.3-இலிருந்து 9.2 ஆனது; நிரலோ முன்பைவிடக் கடினமாகிவிட்டது. எங்கே தவறினோம்?

கேள்வி: கிடங்கு_நிரலர்

வணக்கம். சரக்குக் கிடங்கு ஒன்றின் இருப்பையும் பில்லையும் கையாளும் பைத்தான் நிரலை நாங்கள் ஐந்து பேர் பராமரிக்கிறோம். ஏறத்தாழ 38,000 வரிகள். பல ஆண்டுகளாகப் பலர் கைபட்டு வளர்ந்த நிரல் என்பதால், புதிதாகச் சேருபவர் ஒரு சிறு மாற்றம் செய்வதற்கே ஒரு வாரம் பிடித்தது. ஸ்டாட்டிக் அனாலிசிஸ், அதாவது நிரலை ஓட்டாமல் அதன் எழுத்தை மட்டும் படித்துக் குறை சொல்லும் கருவிகள், இதற்கு உதவும் என்று நம்பி ஆறு மாதங்களுக்கு முன் அவற்றில் ஒன்றான பைலின்ட்டை இயக்கினோம். பத்துக்கு 4.3 மதிப்பெண் வந்தது. 9-க்குக் குறைந்தால் எந்த மாற்றத்தையும் சேர்க்கக் கூடாது என்று மேலாளர் சிஐ-யில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பில், விதி வைத்துவிட்டார்.

எங்களை அதிகம் வருத்துவது சரக்குக் கட்டணத்தைக் கணக்கிடும் செயற்கூறு (ஃபங்ஷன்). 140 வரிகளும், ‘இப்படியானால் இது’ என்று பிரியும் 31 கிளைகளும் கொண்டிருந்த அதை, ஒரு செயற்கூற்றில் 12 கிளைகளுக்கு மேல் கூடாது என்ற பைலின்ட்டின் இயல்பு வரம்புக்குள் அடக்குவதற்காக, கட்டணம்_1, கட்டணம்_2, கட்டணம்_3 என்று மூன்றாக வெட்டினோம். துண்டுகளுக்கிடையே 11 மாறிகளைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்ததால், ஒரு செயற்கூறு வெளியிலிருந்து பெறும் மதிப்புகள், அதாவது அளபுருக்கள், ஐந்துக்கு மேல் கூடாது என்ற அடுத்த எச்சரிக்கை வந்தது. 11 மாறிகளையும், சாவியைச் சொல்லி மதிப்பை எடுக்கும் ஒரே டிக்ஷனரியில் போட்டு, அதற்குத் ‘தரவு’ என்று பெயர் வைத்து அனுப்பினோம், எச்சரிக்கை அடங்கியது. ஆனால் இப்போது எந்தத் துண்டு எந்த மதிப்பை மாற்றுகிறது என்பதை அறிய மூன்றையும் அருகருகே திறந்துவைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளரின் பில்லில், அவருக்கு முன் பில் போட்டவரின் பொருள்கள் இரண்டு சேர்ந்து வந்தன. காரணம், காலிப் பட்டியல் ஒன்றை அளபுருவின் இயல்பு மதிப்பாக வைத்திருந்த ஓர் இடம். அதைப் பைலின்ட் முதல் நாளே சொல்லியிருந்தது. மதிப்பெண்ணை உயர்த்தும் அவசரத்தில் அந்த எச்சரிக்கையைக் கோப்பின் தலைப்பில் நாங்களே அணைத்திருந்தோம். இந்தக் கருவிகளால் நிரல் படிக்க எளிதாகும் என்பதே தவறான எதிர்பார்ப்பா, அல்லது நாங்கள் பயன்படுத்திய முறைதான் தவறா?

பதில்: வரிக்குவரி

முறைதான் தவறு. அந்த மதிப்பெண் எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள். பிழைகளின் எண்ணிக்கையை ஐந்தால் பெருக்கி, எச்சரிக்கை, மறுசீரமைப்பு, மரபு ஆகிய மற்ற மூன்று வகைச் செய்திகளின் எண்ணிக்கையை அதனுடன் கூட்டி, அந்தத் தொகையை நிரலில் உள்ள மொத்தக் கூற்றுகளின் (தனித்தனிக் கட்டளைகளின்) எண்ணிக்கையால் வகுத்து, பத்தால் பெருக்கி, வருவதைப் 10-இலிருந்து கழிக்கிறது பைலின்ட். ஆகவே, ஒரு செயற்கூற்றுக்கு விளக்கக் குறிப்பு எழுதாமல் விட்டதும், உங்கள் பில்லைக் குழப்பிய அந்தக் காலிப் பட்டியலும் அதன் கணக்கில் ஒரே எடைதான். முன்னது மரபு, பின்னது எச்சரிக்கை, இரண்டுக்கும் ஒன்று.

வகுக்கும் எண்ணையும் கவனியுங்கள். 200 கூற்றுகளும் 20 மரபுச் செய்திகளும் உள்ள கோப்புக்கு 9 கிடைக்கும். அதே கோப்பில் ஒன்றுக்கும் உதவாத 200 கூற்றுகளைக் குறையில்லாமல் எழுதிச் சேர்த்தால் 9.5 ஆகிவிடும். நிரலைப் பெருக்கினால் உயரும் ஓர் எண்ணைப் பராமரிப்பின் அளவுகோலாக வைத்தால், நீங்கள் விவரித்ததுதான் நடக்கும்.

1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய கருவிக்கு ‘லின்ட்’ என்று பெயர். துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துகள் என்று பொருள். அந்தப் பெயரில் இருக்கும் அடக்கத்தை நாம் மறந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றும். துகள் ஒட்டியிருக்கும் இடத்தைக் காட்டுவது அதன் வேலை. துணியின் தையல் நன்றாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

பதில்: நள்ளிரவுப்பிழை

கட்டணச் செயற்கூற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிளைகளை எண்ணும் பழக்கம் 1976-இல் தாமஸ் மெக்கேப் முன்வைத்த அளவிலிருந்து வந்தது. முடிவெடுக்கும் இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது அது. எத்தனை வழிகளைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அந்த எண் நன்றாகப் பயன்படும். படிப்பவரின் சிரமத்தை அறிய அவ்வளவாகப் பயன்படாது. நான்கு நிபந்தனைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ‘இல்லையெனில் இது’ என்று வரிசையாக நின்றாலும் மதிப்பு 5. அதே நான்கும் ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைந்திருந்தாலும் மதிப்பு 5. ஆனால் முதலாவதை ஒரு விலைப்பட்டியலைப் போல மேலிருந்து கீழே படித்துவிடலாம். இரண்டாவதைப் படிக்கும்போது வெளியே உள்ள மூன்று நிபந்தனைகளையும் மனத்தில் சுமந்துகொண்டே நான்காவதற்குள் நுழைய வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்காகவே சோனார்சோர்ஸ் நிறுவனம் ‘காக்னிட்டிவ் காம்ப்ளெக்ஸிட்டி’ என்ற வேறோர் அளவை உருவாக்கியது. உள்ளே செல்லச் செல்ல அதில் தண்டம் கூடும். மேலே சொன்ன வரிசைக்கு அதில் 4 வரும். புதைந்த வடிவத்துக்கு 1, 2, 3, 4 என்று கூடி 10 வரும். என் அனுபவத்தில் இந்த எண் கண்ணுக்குப் படும் சிரமத்தோடு ஓரளவு ஒத்துப்போகிறது.

நீங்கள் வெட்டிய மூன்று துண்டுகளுக்கும் எண்களைத் தவிர வேறு பெயர் வைக்க முடிந்ததா? முடியாவிட்டால் அவை தனித்தனி வேலைகள் அல்ல, நடுவில் அறுக்கப்பட்ட ஒரே வேலை. மூன்றையும் முதலில் மீண்டும் ஒன்றாக்கிவிடுங்கள். பிறகு, கணக்குக்கே தகுதியில்லாத நிலைகளைத் தொடக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். அதனால் மட்டுமே ஓரிரண்டு மட்ட உள்தள்ளல் குறைந்துவிடும். மண்டலம், எடை ஆகியவற்றின்படி மாறும் விகிதங்கள் நிபந்தனைகளாக இருந்தால், அவற்றை ஓர் அட்டவணையாக எழுதுங்கள். இவற்றுக்குப் பிறகு எஞ்சுவதில், ‘கூடுதல் எடைக்கான கட்டணம்’ என்பதைப் போல அலுவலகத்தில் கணக்கர் வாயில் வரும் பெயர் எதற்குப் பொருந்துகிறதோ அதை மட்டும் தனியே பிரியுங்கள்.

‘தரவு’ டிக்ஷனரியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அதில் எந்தச் சாவி இருக்கும், அதன் வகை என்ன என்பது எந்தக் கருவிக்கும் தெரியாது. ஓர் எச்சரிக்கையை அடக்குவதற்காக மற்றக் கருவிகளின் கண்ணையும் கட்டிவிட்டீர்கள். பைத்தான் 3.7 முதல் இருக்கும் டேட்டாகிளாஸில் அந்த 11 மதிப்புகளுக்கும் பெயரும் வகையும் கொடுத்து, மாற்ற முடியாததாகவும் அறிவித்தால், எந்தத் துண்டு எதை மாற்றுகிறது என்ற கேள்வியே எழாது.

கேட்டவர்: கிடங்கு_நிரலர்

நன்றி. பெயர் வைக்க முடிந்ததா என்ற கேள்வி சுருக்கென்று தைத்தது, முடியவில்லை. இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. அணைத்த எச்சரிக்கைகளை எல்லாம் திரும்ப இயக்கினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், ஒருவரும் படிக்க மாட்டார்கள். மேலாளருக்கோ காட்டுவதற்கு ஓர் எண் வேண்டும்.

பதில்: மெல்லத்திருத்து

எல்லாவற்றையும் இயக்காதீர்கள். நடத்தையில் பிழை வரவைக்கும் விதிகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பைலின்ட்டைப் போன்ற ரஃப் கருவியில் ‘எஃப்’ தொகுப்பு முழுவதும், அதனுடன் பி006, பி023, இ722 போதும். வரையறுக்கப்படாத பெயர், பயன்படாத மாறி முதலியவை முதல் தொகுப்பில் வரும். பி006 உங்கள் காலிப் பட்டியல்: இயல்பு மதிப்பு, செயற்கூறு வரையறுக்கப்படும் அந்த ஒரு முறை மட்டுமே உருவாவதால், அடுத்தடுத்த அழைப்புகள் எல்லாம் அதே பட்டியலில்தான் பொருள்களைச் சேர்க்கின்றன. பி023, மடக்கின் (லூப்) மாறியை உள்ளே வரையறுத்த செயற்கூறு பிடித்துக்கொண்டு கடைசி மதிப்பையே தருவதைச் சுட்டும். இ722, எந்தப் பிழை வந்தாலும் வகை சொல்லாமல் விழுங்கிவிடும் இடங்களைச் சுட்டும். இவற்றை விதிவிலக்கில்லாமல் திருத்திவிடுங்கள்.

சிக்கல் அளவு, வரி நீளம், விளக்கக் குறிப்பு முதலியவற்றுக்கு, இன்றிருக்கும் மீறல்களை அப்படியே ஒத்துக்கொண்டு, புதிதாக ஒன்றும் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு மீறலின் வரியிலும் ‘இங்கே எச்சரிக்காதே’ என்னும் விலக்குக் குறியை ரஃப் தானே எழுதித் தரும். பிறகு தேவையற்றுப்போன குறிகளை ரஃப்100 என்ற விதி காட்டிக்கொடுக்கும்.

பதில்: வரிக்குவரி

கடைசிப் பகுதியோடு எனக்கு உடன்பாடு இல்லை. படிக்க எளிதாக இருக்க வேண்டும் என்று தொடங்கிய வேலையில், ஆயிரக்கணக்கான வரிகளின் வாலில் விலக்குக் குறியைத் தொங்கவிடுவது நியாயமா? விலக்கு பெறும் கோப்புகளின் பட்டியலை அமைப்புக் கோப்பில் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம். யாராவது வேறு வேலைக்காக ஒரு கோப்பைத் திறக்கும்போது அதையும் திருத்தி, பட்டியலிலிருந்து நீக்கட்டும். மேலாளருக்கு அந்தப் பட்டியலின் நீளத்தையே எண்ணாகக் காட்டுங்கள். வெற்று வரிகளைச் சேர்த்து அதைக் குறைக்க முடியாது.

பதில்: மெல்லத்திருத்து

விலக்குப் பெற்ற கோப்பில் புதிய மீறல் சேர்ந்தால் தெரியாமல் போகும். அதுதான் உங்கள் முறையின் விலை. ஐந்து பேர் கொண்ட குழுவில் புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது சேர்க்கச் சொல்லி வரும் மாற்றத்தை, படிக்கும்போதே அதைப் பிடித்துவிடலாம் என்பதால் ஒப்புக்கொள்கிறேன்.

இடைவெளி, வரிமுறிப்பு போன்ற தோற்ற மாற்றங்களைத் தனிக் கமிட்டாக (ஒரே பதிவாக) வையுங்கள்; அந்தக் கமிட்டின் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், கிட் 2.23 முதல், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் பிளேம் கட்டளையில் அதைத் தாண்டிப் பார்க்கும்படி சொல்லலாம். மதிப்புகளின் வகைகளைச் சரிபார்க்கும் மைபை கருவியை இயக்குவதாக இருந்தால், வகைக்குறிப்பு இல்லாத செயற்கூறுகளின் உள்ளே அது இயல்பாகப் பார்ப்பதே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பழைய நிரலில் முதல் நாளே ‘குறை ஒன்றும் இல்லை’ என்று அது சொன்னால், பெரும்பாலும் படிக்கவே இல்லை என்று பொருள்.

கேட்டவர்: கிடங்கு_நிரலர்

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். நடத்தைப் பிழை விதிகளில் வந்தவை மொத்தம் 64. அவற்றில் காலிப் பட்டியல் வகை 7. ஏழில் இரண்டு, இன்னும் யார் கண்ணிலும் படாத உண்மையான பிழைகள். தானியங்கித் திருத்தத்தை நம்பியதில் ஒரு சறுக்கலும் நேர்ந்தது: பயன்படாத இறக்குமதி (வேறொரு நிரல்கோப்பை உள்ளே கொண்டுவரும் வரி) என்று ரஃப் நீக்கிய ஒரு வரி, இறக்குமதி ஆகும்போதே அச்சுப்பொறிக்கான கையாளியைப் பதிவு செய்யும் வரி. அடுத்த நாள் காலையில் பில் அச்சாகவில்லை. அந்த வரியைத் திரும்பச் சேர்த்து, விலக்குக் குறியோடு காரணத்தையும் எழுதிவைத்தோம்.

கட்டணச் செயற்கூறு இப்போது ஓர் அட்டவணையும் பெயருள்ள நான்கு செயற்கூறுகளுமாக இருக்கிறது. நான்கில் ஒன்றுக்கு மெக்கேப் அளவு இன்னும் 14. திருப்பி அனுப்பும் சரக்குக்கான நிபந்தனைகள் அதில் தட்டையாக வரிசையாக நிற்கின்றன. உடைத்துப் பார்த்தோம், மோசமாகியது, அப்படியே விட்டுவிட்டோம். விலக்குப் பட்டியலில் 211 கோப்புகள் இருந்தன, இன்று 193. 9 என்ற விதியை மேலாளர் நேற்று நீக்கினார்.